வில்லியம் ஹாக்கெட்: ஆர்மி மூணு தடவை வேணாம்னு திருப்பி அனுப்பின நிலக்கரித் தொழிலாளி, ஏன் டனல்ல இருந்து வெளிய வரல?

முதலாம் உலகப் போர்ல பிரிட்டன் தன்னோட உச்ச வீர விருதான விக்டோரியா கிராஸ் மெடலை 600க்கும் மேல குடுத்துச்சு. பெரும்பாலான கதைகள்ல துப்பாக்கி இருக்கும், எதிரியோட டிரெஞ்ச் (பதுங்கு குழி) இருக்கும், ஓடிப்போய் அடிக்கிறது இருக்கும். வில்லியம் ஹாக்கெட் கதையில அது எதுவுமே இல்ல. மண்ணுக்கடியில இடிஞ்ச டனல்ல ஒரு சின்ன ஓட்டை இருக்கு, அந்த ஓட்டை வழியா அவர் வெளிய வந்திருக்கலாம், வரல. அவ்வளவுதான் சம்பவம். ஆனா அதை முதல் தடவை படிக்கிறவங்களுக்கு வரிசையா மூணு சந்தேகம் வரும்:

1. 42 வயசு, இதயக் கோளாறு, எழுதப் படிக்கத் தெரியாது. இப்படி ஒருத்தரை ஆர்மி ஏன் எடுத்துச்சு?
2. ரெண்டு வார டிரெயினிங்ல போர்முனைக்கு எப்படி அனுப்பினாங்க?
3. எந்த இடத்துல புதைஞ்சாருன்னு தெரியும், அப்புறம் ஏன் உடல் இன்னமும் அங்கயே கிடக்கு?

மூணுக்கும் பதில் ஆர்மியில இருந்து ஆரம்பிக்கல, நிலக்கரியில இருந்துதான் ஆரம்பிக்குது. அதனால அங்கருந்தே போவோம்.

அந்த மனுஷன் யாரு

ஹாக்கெட் பிறந்தது 1873 ஜூன் 11, இங்கிலாந்துல நாட்டிங்ஹாம் ஊர்ல ஸ்னென்டன்ங்கற பகுதியில. ஏழைக் குடும்பம், பள்ளிக்கூடப் படிப்பு இல்ல. வாழ்க்கை ஓடினது தெற்கு யார்க்‌ஷயர் நிலக்கரி பூமியில, மெக்ஸ்பரோ ஊர்ல. ஆலிஸ்ங்கறவங்கள கல்யாணம் பண்ணி ரெண்டு குழந்தைங்க. 23 வருஷம் நிலக்கரி சுரங்க வேலை.

அந்தக் காலத்து பிரிட்டன்ல நிலக்கரின்னா என்ன அர்த்தம்னு புரியணும்னா ரெண்டு நம்பர் போதும். 1913ல சுரங்கத்துல வேலை பாத்தவங்க 11 லட்சம் பேர், அந்த வருஷம் வெட்டி எடுத்தது சுமார் 28 கோடியே 70 லட்சம் டன். ரயில், கப்பல், மில்லு, வீட்டு அடுப்பு எல்லாம் அதுலதான் ஓடுச்சு. அதுக்கு விலையா வருஷத்துக்கு ஆயிரம் பேருக்கு மேல சுரங்கத்துக்குள்ளயே செத்துக்கிட்டிருந்தாங்க, அதுவும் அமைதிக் காலத்துல. அதே 1913 அக்டோபர் 14ல வேல்ஸ்ல செங்கெனித் சுரங்க வெடி விபத்து மட்டும் 439 தொழிலாளிங்கள கொன்னுச்சு.

1914ல போர் ஆரம்பிச்சதும் ஹாக்கெட் பேரு குடுக்கப் போனார். யார்க் அண்ட் லங்காஸ்டர் ரெஜிமென்ட் மூணு தடவை திருப்பி அனுப்பிச்சு, காரணம் வயசு. 1915 மே மாசம் வயசு வரம்ப 40க்கு ஏத்தினாங்க, அப்பவும் இவரு அதைத் தாண்டியவர். அதுக்கு மேல இதயத்துல கோளாறுன்னு டாக்டரும் சொல்லிட்டார். ஆனா 1915 அக்டோபர் 25ல அவரை எடுத்துக்கிட்டாங்க, காலாட்படைக்கு இல்ல, ஆர்மியோட பொறியாளர் படையான ராயல் இன்ஜினியர்ஸோட டனலிங் கம்பெனிக்கு, அதாவது டனல் தோண்டற படைப்பிரிவுக்கு. சாத்தம் முகாம்ல ரெண்டு வாரம் பயிற்சி, நேரா பிரான்ஸ்.

போன கொஞ்ச நாள்லயே, 1916 ஜனவரியில, வீட்ல இருந்து சேதி வந்துச்சு. அவரோட பையன், 14 வயசு, நிலக்கரி சுரங்க விபத்துல ஒரு காலை இழந்துட்டான். அப்பா பிரான்ஸ்ல மண்ணுக்கடியில, பையன் யார்க்‌ஷயர்ல மண்ணுக்கடியில. வந்த கடிதத்த இவரால படிக்க முடியாது, பதிலும் எழுத முடியாது, கூட இருந்தவர் ஒருத்தர் எழுதிக் குடுத்ததைத்தான் வீட்டுக்கு அனுப்பினார். எது போர்முனை எது பத்திரமான ஊருன்னு பிரிச்சுப் பேசறவங்க இந்த ஒரு மாசத்தை நினைச்சுப் பாக்கணும்.

ஆர்மிக்கு சுரங்க ஆளுங்க ஏன் தேவைப்பட்டாங்க

1914 கடைசியில மேற்குப் போர்முனை அப்படியே உறைஞ்சு போச்சு. ரெண்டு பக்கமும் டிரெஞ்ச் வெட்டி, முள்வேலி போட்டு, மெஷின் கன் வெச்சு உக்காந்துட்டாங்க. தரை மேல எழுந்து நடந்தா சாவு. அப்போ எதிரி டிரெஞ்ச்ச அடைய மிச்சமிருந்த வழி கீழ.

முதல்ல அதைப் பெரிய அளவுல செஞ்சு காட்டினது ஜெர்மன்காரங்க. 1914 டிசம்பர் 20ல, வட பிரான்ஸ்ல ஜிவான்ஷி - ஃபெஸ்டுபெர் பக்கம், தலா 50 கிலோ வெடிமருந்து வெச்ச பத்து வெடிய ஒண்ணா வெடிச்சாங்க. மேல டிரெஞ்ச்ல நின்னது யாருன்னா இந்திய ராணுவத்தோட சிர்ஹிந்த் பிரிகேட். தண்ணி தேங்கின டிரெஞ்ச்ல, பழக்கமில்லாத குளிர்ல நின்னுக்கிட்டிருந்தவங்க காலுக்குக் கீழ பூமியே வெடிச்சா என்ன செய்ய முடியும், அந்த வரிசை கலைஞ்சு போச்சு, பிரிட்டிஷ் தலைமை மிரண்டு போச்சு. பிரிட்டிஷ் பக்கம் சுரங்கப் போர் தொடங்கினதே இந்திய சிப்பாய்ங்க செத்த அந்த அடிக்குப் பிறகுதான், ஆனா டனலர்ஸ் கதைய சொல்றவங்க இதை ஒரு வரியில தாண்டிப் போயிடறாங்க.

பதிலடிக்கு ஆள் சேத்தவர் ஜான் நார்ட்டன் கிரிஃபித்ஸ், பார்லிமென்ட் மெம்பர், பெரிய கான்ட்ராக்டர். அவரோட கம்பெனி இங்கிலாந்து நகரங்கள்ல சாக்கடை டனல் தோண்டிக்கிட்டிருந்துச்சு. 1915 பிப்ரவரியில ஒரு சாக்கடை வேலைய நிறுத்திட்டு அந்த ஆளுங்கள்ல 18 பேரை நாலே நாள்ல அதே ஜிவான்ஷியில மண்ணுக்கடியில இறக்கினார். யூனிஃபார்ம் போட்டு நடக்கக்கூட அவங்களுக்குச் சொல்லித் தரல. அங்கருந்து வளந்துதான் டனலிங் கம்பெனிங்க வந்துச்சு: பிரிட்டிஷ் 25, கனடா 3, ஆஸ்திரேலியா 3, நியூசிலாந்து 1.

சாக்கடை ஆளுங்க கொஞ்ச பேர்தான். அவங்களுக்கு அப்புறம் மண்ணுக்கடியில வேலை தெரிஞ்ச கூட்டம் எங்க இருக்கு? நிலக்கரி ஊர்ல. அதனாலதான் வயசு, உடம்பு, படிப்பு எதையும் கண்டுக்காம எடுத்தாங்க. தலை நரைச்சவங்களும் இருந்தாங்க. ரெண்டு வாரம் பயிற்சி போதும்னு ஆர்மி நினைச்சது அலட்சியத்தால இல்ல, மிச்சம் 23 வருஷத்தை ஹாக்கெட் ஏற்கனவே முடிச்சிருந்தார். சம்பளமும் அதைக் காட்டுது. சாதாரண காலாட்படை சிப்பாய்க்கு நாளுக்கு ஒரு ஷில்லிங் சொச்சம், தேர்ந்த டனல் ஆளுக்கு 6 ஷில்லிங், உதவியாளுக்கு 2 ஷில்லிங் 2 பென்ஸ். இந்த வித்தியாசம் டிரெஞ்ச்ல நிறைய மனக்கசப்பையும் உண்டாக்குச்சு.

நாலு வார்த்தை தெரிஞ்சுக்கணும்

1. சாப்பர்: ராயல் இன்ஜினியர்ஸ்ல கடைநிலை சிப்பாய்க்குப் பேரு. நம்ம மெட்ராஸ் சாப்பர்ஸ்ல இன்னைக்கும் இருக்கிற அதே பதவிப் பேருதான். ஹாக்கெட் கடைசி வரைக்கும் சாப்பர்தான்.
2. ஷாஃப்ட், கேலரி: ஷாஃப்ட்னா செங்குத்தா கீழ போற கிணறு. அடியில இருந்து எதிரி பக்கம் படுக்கைவாட்டுல போற டனல்தான் கேலரி.
3. மைன்: இந்தப் போர்ல மைன்னா காலால மிதிச்சா வெடிக்கிற பெட்டி இல்ல. கேலரிய எதிரி டிரெஞ்ச்சுக்குக் கீழ வரைக்கும் கொண்டு போய், அங்க ஒரு அறை வெட்டி, அது நிறைய வெடிமருந்த அடுக்கி, பின்னாடி மணல் மூட்டைய வெச்சு அடைச்சு, ஒயர் மூலமா வெடிக்கிறது. மேல இருக்கிற மண்ணு, டிரெஞ்ச், ஆளுங்க எல்லாம் சேந்து வானத்துக்குப் போகும்.
4. கமூஃப்லே: இது சின்ன அளவு வெடி. தரைய கிழிக்காது, எதிரியோட டனலை மட்டும் உள்ளுக்குள்ளயே நசுக்கும். டனலர் டனலரைக் கொல்ல வெச்ச ஆயுதம்.

உள்ள என்ன வேலை, எப்படிச் சாவு வரும்

இந்தப் பகுதிய கொஞ்சம் விரிவா சொல்றேன், ஏன்னா ஹாக்கெட்டோட முடிவு இது தெரிஞ்சாத்தான் புரியும்.

ஹாக்கெட் வேலை பாத்த டனல் அளவு சுமார் 120 செ.மீ. உயரம், 80 செ.மீ. அகலம். டைனிங் டேபிளுக்கு அடியில இருக்கிற இடத்த விட கொஞ்சம் பெருசு, அவ்வளவுதான். நிமிர முடியாது. பெல்ஜியம் - பிரான்ஸ் எல்லையில இருக்கிற ஃப்ளாண்டர்ஸ் பக்கத்து களிமண்ல வேலை நடந்த விதம் இது: ஒருத்தர் ஒரு சாய்வுப் பலகையில மல்லாந்து படுத்துப்பார், கால் ரெண்டும் மண் சுவரைப் பாத்து இருக்கும், ஒரு ஒடுக்கமான மண்வெட்டிய குதிகாலால மிதிச்சு உள்ள செருகி மண்ணைப் பேத்து எடுப்பார், இன்னொருத்தர் அதை மூட்டையில அள்ளுவார், மூணாவது ஆள் சின்ன வண்டியில வெச்சு பின்னாடி இழுத்துட்டுப் போவார். கோடாலி மாதிரி ஓங்கி வெட்டினா சத்தம் வரும், சத்தம் வந்தா எதிரிக்கு இடம் தெரிஞ்சுடும். மிதிச்சு எடுத்தா சத்தமே வராது. சாக்கடை ஆளுங்க கொண்டு வந்த இந்த ஒரு டெக்னிக்தான் பிரிட்டிஷ் பக்கத்துக்கு பெரிய பலமா இருந்துச்சு.

கேக்கறதும் ஒரு வேலை. வேலைய நிறுத்திட்டு ஜியோஃபோன்னு ஒரு கருவிய தரையில வெச்சு, டாக்டரோட ஸ்டெதஸ்கோப் மாதிரி காதுல மாட்டிக்கிட்டு, எதிரி எந்தத் திசையில தோண்டறான்னு மணிக்கணக்கா கேப்பாங்க. தோண்டற சத்தம் வந்துக்கிட்டே இருந்தா ஒரு வகையில நிம்மதி. மூட்டைய இழுக்கிற சத்தம் வந்து, அப்புறம் ஒரேயடியா நின்னு போச்சுன்னா வெடிமருந்து வெச்சு முடிச்சுட்டான்னு அர்த்தம்.

வெடிச்சா சாவு வர்ற வழிங்க:

1. வெடி நேரா அடிக்கிறது. இது ஒரு நொடியில முடிஞ்சுடும்.
2. கார்பன் மோனாக்சைடு. வெடிமருந்து எரிஞ்சதும் இந்த வாயு மண் விரிசல் வழியா டனலுக்குள்ள வந்துடும். நிறம் இல்ல, வாசனை இல்ல, தலை கிறங்கி கால் மடங்கும்போது நேரம் கடந்திருக்கும். அதுக்குத்தான் கூண்டுல கேனரி குருவியும் எலியும் கொண்டு போனாங்க, மனுஷனுக்கு முன்னாடி அதுங்க சாயும். இதுவும் நிலக்கரி சுரங்கத்துல இருந்து வந்த பழக்கம். மூச்சுக் கருவி மாட்டிக்கிட்டு உள்ள போற மீட்புக் குழுவும் அங்கருந்து வந்ததுதான்.
3. மண் சரியறது. ஹாக்கெட் விஷயத்துல நடந்தது இதுதான்.

மண் சரியறதப் பத்தி: டனல் நிக்கிறது மண்ணோட பலத்துல இல்ல, மரச்சட்டத்தோட பலத்துல. ஒவ்வொரு அடி முன்னேறும்போதும் மேல, கீழ, ரெண்டு பக்கமும் மரம் வெச்சு சட்டம் போட்டுக்கிட்டே போவாங்க. பக்கத்துல ஒரு பெரிய வெடி வெடிச்சா ரெண்டு விஷயம் ஒண்ணா நடக்குது, சட்டம் முறியுது, சுத்தி இருக்கிற மண்ணும் குலைஞ்சு இளகிப் போகுது. அதுக்கப்புறம் அந்த மண்ணு சும்மா இருக்காது. மெதுவா, ஆனா நிக்காம, காலி இடத்தைத் தேடி வந்துக்கிட்டே இருக்கும். அதுல ஒரு ஓட்டை போட்டா அந்த ஓட்டை தானா சுருங்கும். சுரங்கத்துல வருஷக்கணக்கா இருந்தவங்க மரம் முனகற சத்தத்த வெச்சே இன்னும் எவ்வளவு நேரம் தாங்கும்னு கணக்குப் போடுவாங்க.

1916 ஜூன் 22

ஹாக்கெட் அப்போ 254வது டனலிங் கம்பெனியில இருந்தார். இடம் மறுபடியும் ஜிவான்ஷிதான். ஷாஃப்ட்ஸ்பரி ஷாஃப்ட்னு பேரு வெச்ச ஒரு கிணறு, அடியில இருந்து ஜெர்மன் பக்கம் போற கேலரிய தோண்டிக்கிட்டிருந்தாங்க. உள்ள அஞ்சு பேர். அதுல ஒருத்தர் தாமஸ் காலின்ஸ், 22 வயசு, வேல்ஸ் நாட்டு ஸ்வான்சீ ஊர்ப் பையன், வெல்ஷ் ரெஜிமென்ட் 14வது பட்டாலியன். டனலர் இல்ல, காலாட்படையில இருந்து உதவிக்கு அனுப்பப்பட்டவர். டனல் கம்பெனிங்களுக்கு மூட்டை தூக்க, பம்ப் அடிக்க இப்படி நிறைய பேரை அனுப்புவாங்க.

விடியறதுக்கு முன்னாடி ஜெர்மன்காரங்க ஒரு பெரிய மைனை வெடிச்சாங்க. மேல ராயல் வெல்ஷ் ஃப்யூசிலியர்ஸ் பட்டாலியன் இருந்த வரிசை சிதறிப் போச்சு. அந்தப் பள்ளத்துக்கு அப்புறமா அந்த ரெஜிமென்ட்டோட சின்னத்தை வெச்சு ரெட் டிராகன் கிரேட்டர்னு பேரு வந்துச்சு. கீழ கேலரி இடிஞ்சு அஞ்சு பேரும் மாட்டிக்கிட்டாங்க.

அடுத்து நடந்ததுக்கு ஆதாரம் விக்டோரியா கிராஸ் அறிவிப்பே. 20 மணி நேரம் தோண்டின பிறகு சரிஞ்ச மண்ணுக்கும் முறிஞ்ச மரத்துக்கும் நடுவுல ஒரு ஓட்டை விழுந்துச்சு, வெளியில இருந்து வந்த மீட்புக் குழுவோட கை எட்டுச்சு. ஹாக்கெட் மூணு பேரை அந்த ஓட்டை வழியா வெளிய ஏத்தி விட்டார். நாலாவது ஆள் காலின்ஸ், பலமா அடிபட்டு அந்த ஓட்டைக்குள்ள நுழைய முடியாத நிலமையில கிடந்தார். ஹாக்கெட் சுலபமா வெளிய வந்திருக்கலாம்னு அறிவிப்பே சொல்லுது. வரச் சொன்னதுக்கு அவர் சொன்ன பதில்: "நான் டனலர், மத்தவங்களைத்தான் முதல்ல பாக்கணும்." ஓட்டை சுருங்கிக்கிட்டே வந்துச்சு. அப்பவும் அசையல. கடைசியில கேலரி மொத்தமா இடிஞ்சுது. மீட்புக் குழு நாலு நாள் விடாம தோண்டியும் ரெண்டு பேரையும் எட்ட முடியல. ஹாக்கெட் இறந்த நாள்னு பதிவானது ஜூன் 27. அப்போ அவருக்கு 43 வயசு முடிஞ்சு ரெண்டு வாரம்தான் தாண்டியிருந்துச்சு.

ஏன் வெளிய வரல

இதைப் பொதுவா "போர்வீரனோட தியாகம்"னு ஒரு வார்த்தையில எழுதிட்டுப் போயிடறாங்க. எனக்கு அது போதாதுன்னு தோணுது, சொல்லப்போனா தப்பான இடத்துல வெச்சுப் பாக்கறதா தோணுது. காரணத்தை வரிசையா சொல்றேன்.

1. அவர் சொன்ன வாக்கியத்த கவனிங்க. நாடு, ராஜா, ரெஜிமென்ட் எதுவும் அதுல இல்ல. "நான் டனலர்"ங்கறது தொழிலோட பேரு. இது என் வேலை இடம், இங்க அடிபட்டுக் கிடக்கறவன் என் பொறுப்புங்கறதுதான் அந்த வாக்கியம். காலின்ஸ் டனலர் இல்லங்கறது இங்க முக்கியம், மண்ணுக்கடியில அனுபவமில்லாத சின்னப் பையன், கூட இருக்கிற ஒரே தொழில்காரர் இவர்.

2. நிலக்கரி ஊர்ல எழுதாத ஒரு சட்டம் உண்டு: உள்ள மாட்டினவன விட்டுட்டு வரக்கூடாது. பேச்சுக்கு சொல்ற சட்டம் இல்ல இது. மெக்ஸ்பரோவுக்குப் பக்கத்துலயே இருந்த கேட்பி மெய்ன் சுரங்கத்துல 1912 ஜூலை 9ல ஒரு வெடி விபத்து, 35 பேர் செத்தாங்க. அவங்களைத் தேடி உள்ள இறங்கினவங்க மேல அதே நாள் இன்னொரு வெடி, அதுல 53 பேர் போனாங்க, அரசாங்க சுரங்க இன்ஸ்பெக்டர்ங்க மூணு பேரும் அதுல உண்டு. முதல் வெடியில செத்தவங்கள விட காப்பாத்தப் போய் செத்தவங்க அதிகம். அந்தச் சுற்றுவட்டாரத்துல வாழ்ந்த சுரங்கக் குடும்பம் எதுக்கும் இது தெரியாம இருந்திருக்க வாய்ப்பே இல்ல. இன்னொரு விஷயம், அந்த வாரம் அந்தப் பக்கம் சுற்றுப்பயணத்துல இருந்த ஐந்தாம் ஜார்ஜ் ராஜா அன்னிக்கு சாயங்காலமே கேட்பிக்கு நேர்ல வந்தார். நாலு வருஷம் கழிச்சு ஹாக்கெட்டோட மெடலை அவரோட மனைவி கையில குடுத்ததும் அதே ராஜாதான்.

3. தெரியாம எடுத்த முடிவு இல்ல. மெடல் அறிவிப்புல கடைசி வரி, சரியற மண்ணோட குணம் நல்லா தெரிஞ்சும், தப்பிக்கிற வாய்ப்பு எவ்வளவு குறைவுன்னு தெரிஞ்சும், வேணும்னே தன் உயிரைத் தோழனுக்காகக் குடுத்தார்னு இருக்கு. மண்ணைப் பத்தின அறிவையே ஒரு வீர மெடலுக்குக் காரணமா எழுதியிருக்காங்க. அந்த அறிவு ஆர்மி குடுத்த ரெண்டு வாரத்துல வந்தது இல்ல. வெளிய இருந்தவங்களுக்கு ஒரு ஓட்டை தெரிஞ்சுது, உள்ள இருந்தவருக்கு அந்த ஓட்டை எவ்வளவு நேரத்துல மூடும்னு தெரிஞ்சுது.

ஆர்மி நிலக்கரி ஊருக்குப் போய் வாங்கினது கையோட திறமைய. அந்தக் கையோட சேந்து ஒரு தொழில் நியாயமும் கூடவே வந்துச்சு, ஆனா அதை யாரும் கேட்டு வாங்கல. ஜூன் 22ல நடந்தத ராணுவ ஒழுக்கமா மட்டும் பாத்தா பாதிதான் தெரியும், ஒரு ஆபீசர் கட்டளைப்படி பாத்தா அவர் வெளிய வந்திருக்கறதுதான் சரி, ஏன்னா தேர்ந்த டனலர் ஒருத்தர் கம்பெனிக்கு அவ்வளவு தேவை. அவர் அந்தக் கணக்குல இல்ல.

மெடல், அப்புறம் ரெண்டு பேரும் ரெண்டு நாட்டு சுவர்ல

1916 ஆகஸ்ட் தொடக்கத்துல அரசாங்க அறிவிப்பு இதழான லண்டன் கெஜட்ல அறிவிப்பு வந்துச்சு. நவம்பர் 29ல பக்கிங்ஹாம் அரண்மனையில ஆலிஸ் மெடலை வாங்கிக்கிட்டாங்க. ஒரு விஷயம் சொல்லணும், ஆரம்பத்துல விக்டோரியா கிராஸ் செத்தவங்களுக்குக் குடுக்கிற வழக்கமே இல்ல, 1902ல இருந்துதான் அது மாறிச்சு, இல்லன்னா ஹாக்கெட் பேரு இன்னைக்கு நமக்குத் தெரிஞ்சிருக்காது. மண்ணுக்கடியில செஞ்ச செயலுக்காக இந்த மெடல் வாங்கின டனலர் அவர் ஒருத்தர்தான். மெடல் இப்போ கென்ட்ல, கில்லிங்ஹாம்ல இருக்கிற ராயல் இன்ஜினியர்ஸ் மியூசியத்துல இருக்கு.

கல்லறை இல்லாதவங்க பேரை அந்தந்தப் பகுதி நினைவுச் சுவர்ல செதுக்கறது வழக்கம். ஹாக்கெட் பேரு பெல்ஜியத்துல ப்ளூக்ஸ்டீர்ட் நினைவிடத்துல இருக்கு. காலின்ஸ் பேரு பிரான்ஸ்ல சோம் பகுதியில தியப்வால் நினைவிடத்துல, 72,000 பேருக்கு நடுவுல. காலின்ஸோட பட்டாலியன் அடுத்த மாசமே சோம் பக்கம் போய் மாமெட்ஸ் காட்டுல சண்டை போட்டுச்சு. கூட இருந்து சாகணும்னு ஒருத்தர் முடிவெடுத்த ரெண்டு பேரை பதிவேடு ரெண்டு நாட்டுல பிரிச்சு வெச்சிருக்கு. இதுல யாரு மேலயும் குறை சொல்ல முடியாது, லட்சக்கணக்கான பேருக்குப் போட்ட நிர்வாக விதி அது. ஆனா படிக்கும்போது கஷ்டமா இருக்கு.

2010 ஜூன் 19ல ஜிவான்ஷியிலயே டனலர்ஸ் நினைவுச்சின்னம் திறந்தாங்க. அதோட அளவ ஹாக்கெட் வேலை பாத்த டனல் அளவுக்கே, 120க்கு 80 செ.மீ.ன்னு வெச்சாங்க. அங்க ரெண்டு பேர் பேரும் ஒண்ணா சொல்லப்படுது. சுரங்கப் போர்ல செத்த மத்த டனலர்களுக்கும் சேத்துதான் அது.

நிலக்கரி பக்கம் என்ன ஆச்சு

ஹாக்கெட் மாதிரி ஆளுங்க ஆர்மிக்குப் போனதுக்கு ஊர்லயும் ஒரு விளைவு இருந்துச்சு. போர் ஆரம்பிச்ச முதல் வருஷத்துலயே 2 லட்சத்துக்கும் மேல சுரங்கத் தொழிலாளிங்க பேரு குடுத்துட்டுப் போயிட்டாங்க. விளைவு:

1. உற்பத்தி குறைஞ்சுது, ஆனா தேவை ஏறிச்சு, ஏன்னா கடற்படை, வெடிமருந்து ஃபேக்டரி, இரும்பு எல்லாத்துக்கும் நிலக்கரி வேணும்.
2. மிச்சம் இருந்தவங்க மேல பளு கூடுச்சு, விலைவாசி ஏறிச்சு. 1915 ஜூலையில தெற்கு வேல்ஸ்ல பெரிய ஸ்டிரைக் நடந்துச்சு.
3. அரசாங்கம் 1916 டிசம்பர்ல தெற்கு வேல்ஸ் சுரங்கங்களையும் 1917ல நாடு முழுக்க எல்லா சுரங்கத்தையும் தன் கட்டுப்பாட்டுல எடுத்துக்கிச்சு.
4. டனலர்ஸ் பக்கம் 1917 ஜூன் 7 விடியகாலை 3.10 மணிக்கு பெல்ஜியத்துல மெசீன்ஸ் மேட்டுல 19 மைன்கள், மொத்தம் 450 டன் அளவுக்கு வெடிமருந்து, ஒரே நேரத்துல வெடிச்சுது. அதுதான் அவங்க வேலையோட உச்சம். கொஞ்ச மாசத்துல போர் நகர ஆரம்பிச்சதும் இந்த வகை டனல் சண்டைக்குத் தேவை இல்லாம போச்சு, அவங்கள ரோடு போடவும், பாலம் கட்டவும், ஜெர்மன்காரங்க விட்டுட்டுப் போன வெடிப் பொறிய எடுக்கவும் திருப்பி விட்டாங்க.

ரெண்டாம் உலகப் போர்ல பிரிட்டன் நிலக்கரி வேலைய பாதுகாக்கப்பட்ட தொழில் லிஸ்ட்ல வெச்சுச்சு. அப்படியும் ஆள் பத்தல. 1943 டிசம்பர்ல இருந்து கட்டாய ராணுவ சேவைக்கு வந்த பையன்கள்ல பத்துல ஒருத்தரை குலுக்கல் முறையில எடுத்து சுரங்கத்துக்கு அனுப்பினாங்க, மந்திரி எர்னஸ்ட் பெவின் பேரால அவங்களுக்கு பெவின் பாய்ஸ்னு பேரு. ஹாக்கெட் காலத்துல சுரங்க ஆளை சிப்பாய் ஆக்கினாங்க, இருபத்தேழு வருஷத்துல சிப்பாயா போக வேண்டியவனை சுரங்க ஆள் ஆக்க வேண்டி வந்துச்சு.

அப்போ ஏன் தோண்டி எடுக்கல

இதுதான் அதிகமா வர்ற கேள்வி. எந்த இடம்னு மேப்ல தெரியும், சுமார் 40 அடி ஆழம், இன்னைக்கு இருக்கிற மெஷினுக்கு அது பெரிய ஆழமே இல்ல. பதில் இப்படி:

1. போர் முடிஞ்சதும் போர்க்களத்துல உடல்களைத் தேடற அரசாங்க வேலை நடந்துச்சு, 1921ல அதை அதிகாரபூர்வமா நிறுத்திட்டாங்க. அதுக்கப்புறம் யாரும் வேணும்னே தேடிப் போறது இல்ல. உழும்போதோ, ரோடு, கட்டடம் கட்டும்போதோ கிடைச்சா முறைப்படி எடுத்து அடக்கம் பண்றாங்க.
2. அந்தப் பூமிக்குள்ள ஹாக்கெட்டும் காலின்ஸும் மட்டும் இல்ல. ரெண்டு பக்கத்து டனல்ங்கள்லயும் பல பேர் இருக்காங்க. ஒருத்தர் மெடல் வாங்கினாருன்னு அவருக்கு மட்டும் தோண்டறது சரியில்லங்கற வாதத்துல நியாயம் இருக்குன்னுதான் நானும் நினைக்கிறேன்.
3. வெடிக்காத வெடிமருந்தும் ஷெல்லும் இன்னைக்கும் அந்த வயல்கள்ல கிடைச்சுக்கிட்டே இருக்கு.
4. எதாவது ஒரு நாள் தற்செயலா கிடைச்சு, அவங்கதான்னு உறுதி ஆனா, போர் கல்லறை கமிஷன் வழக்கப்படி பேரோட தனித்தனி கல்லறை குடுப்பாங்க, காணாமப் போனவங்க சுவர்ல இருக்கிற பேரு அங்கருந்து நீக்கப்படும். அது வரைக்கும் ஒருத்தர் பேரு ப்ளூக்ஸ்டீர்ட்லயும் இன்னொருத்தர் பேரு தியப்வால்லயும்தான் இருக்கும்.